நத்தை கட்டிய பஸ் ஸ்டாண்டு

என் மனைவி பூகோள டீச்சர். ஆனால் வழி மட்டும் தெரியாது. எந்த நதி எந்த மலையில் பிறக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு படத்தில் விரலை வைப்பாள். எங்கள் வீட்டிலிருந்து என் கடைக்கு வரச் சொன்னால் எங்கேயோ போய் நின்றுகொண்டு, "ஏங்க, நான் இப்ப எங்க இருக்கேன்?" என்று போன் போடுவாள். "பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டால், "ஒரு மரம் இருக்குங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து நானும் அந்த மரத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை சோதித்து, அளவு எடுத்து, கண்ணாடி செய்து கொடுப்பது தொழில். கடைக்கு வரும் பிள்ளைகளிடமெல்லாம் எனக்கு ஒரே பாட்டுதான்: "ஸ்கிரீனை மூக்குல ஒட்டிக்கிட்டுப் பார்க்காதே, கண்ணு கெட்டுடும்." இப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒருத்தி, பிள்ளைகளைக் கம்ப்யூட்டருக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தப்போகிறேன் என்று கிளம்பினால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டம்மா ஆள் பிடிச்சு அனுப்புறாங்க, நீங்க கண்ணாடி மாட்டுறீங்க. நடத்துங்க, நடத்துங்க!" என்றார். மானம் போயிற்று.

அவள் கிளம்பியதற்குக் காரணம் ஒரு கதவு. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துப் பேசும் வேலையைத் தலைமையாசிரியை இவள் தலையில் கட்டியிருந்தார். வழி தெரியாதவளுக்கு வீடு வீடாகப் போகும் வேலை! கேட்டுக் கேட்டுத்தான் போனாள். மற்ற வீடுகளில் பிள்ளைகள் முகத்தையாவது காட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் கதவு திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். வெளியே நின்றது அவளுடைய அம்மா, துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்.

"கிளாஸ்ல ஒரு நாள் போர்டுல எழுதினதைப் படிக்கச் சொன்னாங்களாம் டீச்சர். தப்புத் தப்பா படிச்சிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதோட சரி. ஸ்கூலும் இல்ல, தெருவும் இல்ல. என்கிட்டயே பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இவள் விடவில்லை. வாரா வாரம் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கதவோடு பேசிவிட்டு வந்தாள். மழை, வெயில், சொந்தக்காரர் சண்டை, என்னுடைய குறட்டை வரைக்கும் அந்தக் கதவுக்குத் தெரியும். உள்ளேயிருந்து பதிலுக்கு டக் டக்கென்று கீபோர்டு சத்தம் மட்டும் வரும்.

"என்ன பண்றா உள்ள?" என்று அந்த அம்மாவிடம் கேட்டாள்.

"எதையோ கட்டுறா டீச்சர். கம்ப்யூட்டருக்குள்ள. வீடு கட்டுறாங்க, ரோடு போடுறாங்க, ஆள் ஆளா நடமாடுறாங்க. ஏதோ ஒரு உலகமாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் சொன்னாள்: "அவ ஸ்கூலுக்கு வரமாட்டா. சரி, ஸ்கூல் அவகிட்டப் போகட்டும்."

"உனக்கு மெயில் அனுப்பவே வராதே!" என்றேன்.

"அவளுக்கு வரும்ல?" என்றாள்.

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். பிடித்த குணமும் இதுதான். தனக்குத் தெரியாத இடத்தில் போய் நிற்பதற்குக் கொஞ்சம்கூட வெட்கப்பட மாட்டாள். தலைமையாசிரியையை நச்சரித்துப் பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்த மாதிரி ஓர் உலகத்துக்கு இடம் வாங்கிவிட்டாள். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, ஒரு கட்டடம் கிடையாது. பிறகு கதவிடம் போய்ச் சொன்னாள்: "நம்ம பிள்ளைங்க சேர்ந்து ஒரு ஊரு கட்டப் போறோம். பூகோளத்தை அங்கதான் படிக்கப் போறோம். எனக்கு ஒரு சுவரு வைக்கக்கூடத் தெரியல. நீ வந்தா நல்லா இருக்கும்."

சாயங்காலமானால் இவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். ஸ்கூலுக்கு முழுக்குப் போட்ட பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, தாங்களே வைத்துக்கொண்டதுதான். ஒருவன் மின்னல். ஒருத்தி தூங்குமூஞ்சி. இவளுக்குத் தன் உருவத்துக்கு முடி வைக்கத் தெரியவில்லை, மஞ்சள் சட்டை போட்ட ஒரு மொட்டை மனிதராகத்தான் நடமாடினாள். பிள்ளைகள் "மொட்டை டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அதையும் சந்தோஷமாக வந்து என்னிடம் சொல்லுகிறாள்!

நான்காவது வகுப்போ ஐந்தாவதோ, ஓரமாக ஓர் உருவம் வந்து நின்றது. பெயர் நத்தை. பேசவில்லை, மைக்கைப் போடவில்லை. பள்ளத்தாக்கின் நடுவில் போய்க் கட்ட ஆரம்பித்தது. இவள் எனக்குச் சைகை காட்டினாள். வாய் திறந்தால் அந்தப் பெண் ஓடிவிடுவாள் என்கிற மாதிரி, சமையலறையிலிருந்து நானும் பூனை மாதிரி வந்து எட்டிப் பார்த்தேன்.

நத்தை கட்டியது ஒரு பஸ் ஸ்டாண்டு. சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனேன். பிளாட்பாரம், உட்காரப் பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், சைக்கிள் நிறுத்துமிடம், எந்த வண்டி எங்கே போகும் என்று பலகைகள். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்ணுக்குக் கழிவறை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவதுவரை ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் தினமும் அங்கேதான் கூட ஆரம்பித்தார்கள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாத தலையோடு போய் ஒரு காரியம் செய்தாள்.

அடுத்த பாடம் நதி. மலையில் பிறந்து சமவெளிக்கு வருவதை நேரிலேயே காட்டிவிடலாம் என்று, முந்தின நாள் சாயங்காலமே மலை உச்சியில் ஊற்றுகளை வைத்தாள். ஒரு ஊற்று வைத்தால் நூல் மாதிரி வந்தது. துணையாறுகள் வேண்டாமா என்று இன்னும் வைத்தாள். வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு என்னோடு சாப்பிட உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை அணைத்தால் அந்த உலகமும் நின்றுவிடும் என்பது அம்மணியின் கணக்கு. அது நிற்காது. பள்ளிக் கம்ப்யூட்டரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஓர் ஊற்றை வைத்தால் யாராவது மூடுகிற வரைக்கும் அது வற்றவும் வற்றாது.

மறுநாள் வகுப்பு தொடங்கியபோது பள்ளத்தாக்கு ஏரியாகியிருந்தது. மின்னலுக்கு ஒரே கொண்டாட்டம். "டீச்சர் ஊரையே முக்கிட்டாங்கடா!" என்று கத்தினான். வீடுகள் இல்லை, தோட்டம் இல்லை. பஸ் ஸ்டாண்டின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அந்தக் கூரைமேல் நத்தை நின்றுகொண்டிருந்தது. பிறகு காணாமல் போயிற்று.

"பேக்கப் இருக்கா டீச்சர்?" என்று தூங்குமூஞ்சி கேட்டாள்.

"அப்படின்னா?" என்றாள் இவள்.

நான் சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவிடம் போய், "உன் பஸ் ஸ்டாண்டை நான் மூழ்கடிச்சுட்டேம்மா. தெரியாமப் பண்ணினேன். தெரியாமப் பண்ணினாலும் தப்பு தப்புதானே" என்று மன்னிப்புக் கேட்டாள். திரும்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து, "அந்த டக் டக்காவது கேட்டுக்கிட்டிருந்துச்சு டீச்சர். இப்ப அதுவும் இல்ல" என்றாராம். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். அதுதான் இவளைக் கொன்றுவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. ஒரு பெண்ணுக்கு மிச்சம் இருந்த ஒரே இடத்தையும் இவள் போய் அழித்துவிட்டு வந்திருக்கிறாள்.

மின்னல் நல்ல யோசனைதான் சொன்னான். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம் டீச்சர். ஒரு பட்டன்தான்."

"முடியாது. அதுக்குள்ள அவ பஸ் ஸ்டாண்டு இருக்கு" என்றாள்.

மலையேறி ஊற்றுகளை மூடினாள். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். ஆமாம், கம்ப்யூட்டருக்குள்தான். ஒரு வாளி மொண்டு, கரைக்கு நடந்துபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி வந்து ஒரு வாளி. பள்ளிவிட்டு வந்ததும் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரைக்கும் அந்த மொட்டை மனிதர் இறைத்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்று நானும் கத்தித்தான் பார்த்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அப்படி ஒரு சாயங்காலம். நான் அவள் பக்கத்தில் டீயை வைக்கப் போனவன் அப்படியே நின்றேன். ஸ்கிரீனில் மொட்டை மனிதருக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நத்தை! இரண்டு பேரும் சேர்ந்து இறைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது.

"டீச்சர், நீங்க நாலு ஊற்று வச்சீங்க. மூணுதான் மூடியிருக்கீங்க."

இவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள்: "நாலா? உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க வைக்கும்போது நான் பாத்தேன். ஒண்ணு பாறைக்குப் பின்னாடி இருக்கு."

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாமே!"

பதில் வந்தது: "டீச்சருக்குத் தெரியும்னு நினைச்சேன்."

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்று எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். பாறைக்குப் பின்னால் போய் நான்காவதை நத்தையே மூடியது.

மறுநாள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள். மலையின் தாழ்ந்த பக்கத்தில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானே வடிந்துவிடும் என்பது நத்தையின் யோசனை. ஆனால் மின்னல் யார் பேச்சைக் கேட்டான்? தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் வெட்ட ஆரம்பித்தான். நத்தை எழுதிப் பார்த்தது. அவன் படித்தால்தானே! இன்னும் ஒரு வெட்டு வெட்டினால் தூங்குமூஞ்சி மலைச்சரிவில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்குள் வெள்ளம் பாயும் என்கிற நிலையில், கரகரவென்று ஒரு குரல் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டது.

"டேய்! அங்க வெட்டாதேடா! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"

முதலில் வாய் திறந்தவன் மின்னல்தான். "நத்தைக்கு வாய் இருக்குடா!" என்றான். அந்தக் கரகரப்புக் குரல் சிரித்தது. வெட்டு, நிறுத்து, இன்னும் ஆழமா, மக்கு, அப்படியில்ல என்று அதிகாரம் தூள் பறந்தது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓட ஆரம்பித்தபோது அத்தனை பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். நதி எப்படி ஓடுகிறது என்று அன்றைக்குப் பிறகு ஒருவருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நடுவில் இவள் போன் அடித்தது. அந்த அம்மா. ரகசியக் குரலில் பேசினார். "டீச்சர், கிளாஸை முடிச்சுடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் நடத்துங்க. அவ பேசுறா. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்." பிறகு அவரே, "கதவு லேசாத் திறந்திருக்கு டீச்சர். மூக்கு ஸ்கிரீன்ல முட்டுற மாதிரி உக்காந்திருக்கா" என்றார்.

போனை வைத்ததும் நான் என் பாட்டை எடுத்துவிட்டேன். "அப்படிப் பார்த்தா கண்ணு கெட்டுடும்னு சொல்லு."

இவள் என்னையே பார்த்தாள். "ஏங்க, கண்ணு ஏற்கெனவே கெட்டிருந்தா? அதனாலதான் அப்படிப் பார்க்கிறாளோ? போர்டுல இருந்ததைத் தப்புத் தப்பா படிச்சாள்னு அவங்கம்மா சொன்னாங்களே!"

"லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்கே போறேன். அந்தப் பிள்ளை வெளிய வர வேண்டாம்" என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே போயிருப்பேன். அங்கிள் வீட்டுக்கு வந்து கண்ணைப் பார்க்கட்டுமா என்று நத்தையிடம் இவள் கேட்டதற்குப் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது.

"நானே வர்றேன். ஆனா வழி தெரியாது."

வழி கேட்டது யாரிடம் பாருங்கள்! "எனக்கும் தெரியாதே" என்று இவள் எழுதினாள். "எல்லாருமாச் சேர்ந்து கண்டுபிடிப்போமா?"

அதுதான் அடுத்த பாடமாயிற்று. நத்தையின் வீட்டு வாசலிலிருந்து என் கடைவரைக்கும் உள்ள தெருவை அந்த உலகத்தில் அப்படியே கட்டுவது. அதற்குத் தெருவைப் பார்க்க வேண்டுமே! வீட்டைவிட்டு நகராத மின்னலும் தூங்குமூஞ்சியும் மாற்றி மாற்றி வெளியே வந்தார்கள். மருந்துக் கடை முனை, ரோடு கடக்கும் இடம், தபால் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் போய்க் கட்டினார்கள். என் கடைக்குள்ளும் புகுந்து, "அங்கிள், நாற்காலி என்ன கலர்? கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?" என்று உயிரை வாங்கினார்கள். திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போய்ப் பார்த்தால் என்னையும் கட்டி வைத்திருக்கிறார்கள், கல்லாவுக்குப் பின்னால், பானை வயிற்றோடு! "இவ்வளவு தொப்பையா எனக்கு?" என்று குதித்தேன். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர்கள் கட்டிய தெருவில் எதிர்க் கடையின் பலகை மட்டும் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவர மறந்துவிட்டு என்னைக் கேட்டார்கள். அந்தக் கடைக்கு எதிரேதான் என் பிழைப்பே. ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறந்துபோனேன்.

நத்தை அந்தத் தெருவில் தினமும் நடந்தது. முதலில் பிள்ளைகளோடு, பிறகு தனியாக. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, "இன்னிக்கு வர்றேன்" என்று எழுதியது. "நானும் கடைக்கு வந்து நிக்கறேன்" என்று இவள் எழுதினாள். நான் கடையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அந்தப் பிள்ளை திரும்பிப் போய்விட்டால்?

கதவு திறந்தது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், கல்லாவைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள்.

"அவ்வளவு பெருசா இல்லையே அங்கிள்" என்றாள். அதே கரகரப்பு!

உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. "தப்பா சொன்னா?" என்று கேட்டாள்.

"தப்பா சொன்னா நான் போடுற லென்ஸ் சரியில்லைன்னு அர்த்தம். தப்பு உன்னுது இல்ல, என்னுது. தைரியமா சொல்லு."

லென்ஸை மாற்றிப் போடும் இரும்பு ஃபிரேமை அவள் மூக்கில் மாட்டினேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தேன். இத்தனை நாளும் வகுப்பில் போர்டு இந்தப் பிள்ளைக்கு வெறும் கறுப்புத் துணியாகத்தான் தெரிந்திருக்கும். எந்தக் கடங்காரன் சிரித்தான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. லென்ஸ் ஏற ஏற, வரி வரியாக இறங்கிக் கடைசிவரை படித்துவிட்டாள். அவள் அம்மா மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதைவிட மாட்டேன். பள்ளிக்கு எப்போது போவாள் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் படித்தாள், நான் கேட்டேன்.

அவள் எழுந்து கதவருகே போய் எதிரே பார்த்தாள். "ஆணி, கயிறு, பெயிண்ட், வாளி கிடைக்கும்" என்று சத்தமாகப் படித்தாள். "அங்கிள், எதிர்க் கடைப் பலகை! வாளி கிடைக்குமாம்! டீச்சர்கிட்டச் சொல்லணும். ஆமா, டீச்சர் எங்க?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எனக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியவள் எங்கே? போன் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏங்க, நான் இப்ப எங்க இருக்கேன்? அந்தப் பிள்ளை வந்துட்டாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். "டீச்சர், பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒரு மரம் இருக்கும்மா."

"மரத்துக்குப் பக்கத்துல தபால் பெட்டி இருக்கா? சரி, அங்கயே நில்லுங்க. எங்கயும் போகாதீங்க. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

அம்மா பதறிக்கொண்டு கூடவே கிளம்பினார். "நீ இரும்மா, எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் படியிறங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். ரோடு கடக்கும் இடத்தில் நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், போய்விட்டாள். ஒவ்வொரு கடைப் பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே போவது மருந்துக் கடை முனைவரைக்கும் கேட்டது. என் சோதனை ஃபிரேம் அவள் மூக்கின்மேலேயே இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.